வாத்து, அன்னம், கொக்கு

பிள்ளையார்பாளையத்துக் காந்தாவுக்குத் தறி ஓட்ட வராது. தறிக்காரர் வீட்டில் பிறந்துவிட்டு இதென்ன என்று ஊரில் கேட்பார்கள். அவளுக்குக் கைவந்தது பூப் போடுவது. பட்டுக்கரையில் வரிசையாய் ஓடும் மயிலையும் யாளியையும் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக நிரப்பிக்கொண்டிருந்தவள், கடை முதலாளி கம்ப்யூட்டர் வாங்கியதும் அதற்கு மாறினாள். திரையில் ஒரு புள்ளி வைத்தால் தறியில் ஓரிடத்தில் இழை தூக்கும். அவளுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

அது டாஸில் ஓடுகிற பெட்டி. கறுப்புத் திரையில் நாலு எழுத்தைத் தட்டினால் டிசைன் புரோகிராம் திரை முழுக்க விரியும். மௌஸ் கிடையாது. அம்புக்குறிகளைத் தட்டித் தட்டியே அவள் ஆறு வருஷம் கரைகள் வரைந்தாள். விரல் நுனிகள் காய்த்துப்போயின. வீட்டில் கேலி செய்தார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

தங்கை காவேரிக்குத் தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமான அன்றே காந்தா சொல்லிவிட்டாள். "என் கூறைப் புடவையில யாரோ போட்ட பூ. உன் கூறையில என் பூதான். பார்த்துக்க." தம்பி கதிர்வேல் வீட்டுத் தறியில் நெய்வதாக ஏற்பாடு. காவேரி கேட்டது அன்னம். காந்தா ஆவணி முழுக்க உட்கார்ந்து கரைக்கு அன்னம் வரைந்தாள். கழுத்து வளைவை மட்டும் எத்தனை முறை அழித்துப் போட்டாளோ, அவளுக்கே நினைவில்லை.

தீபாவளி முடிந்ததும் முதலாளிக்கு ஒரு பயம் பிடித்தது. இரண்டாயிரம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டர்கள் அத்தனையும் நின்றுவிடும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். அவர் விண்டோஸ் தொண்ணூற்றெட்டு போட்ட புதுப் பெட்டி ஒன்றை இறக்கினார். அதை மாட்டிக் கொடுக்க வந்த பரசுராமன் பழைய புரோகிராமையும் டிசைன்களையும் பிளாப்பியில் எடுத்துப் புதியதில் ஏற்றினான். "எல்லாம் ஓடும் மா, பயப்படாத" என்று சொல்லிவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்த பெட்டியை ஒரு முறை கும்பிட்டுப் போனான்.

ஓடத்தான் செய்தது. ஆனால் திரை முழுக்க விரியாமல், நடுவே ஒரு சின்னச் சன்னலுக்குள் ஓடியது. காந்தா ஆசையாய் அன்னத்தைத் திறந்தாள். கழுத்து குட்டையாகி, உடம்பு பருத்து, ஒரு வாத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிளாப்பியில் ஏற்றி இறக்கியதில் படம் நசுங்கிவிட்டது என்று அவள் முடிவுகட்டினாள். சிரிக்க வேண்டாம். அழுத்தி மடித்த பட்டில் மடிப்பு விழுவதையும் அதை நீவிவிடுவதையும் பார்த்தே வளர்ந்தவள் வேறு என்ன நினைப்பாள்? நசுங்கியதை நீவத்தான் வேண்டும் என்று, இடையிடையே வரிசைகள் சேர்த்துக் கழுத்தைத் தூக்கினாள். அன்னம் மறுபடி அன்னமாயிற்று. அப்படியே அட்டை அடிக்க அனுப்பினாள். எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் அந்தத் துளையிட்ட அட்டைகள் கட்டாக நேரே கதிர்வேலின் தறிக்குப் போயின.

கார்த்திகையில் நல்ல நாள் பார்த்துக் கூறையைத் தொடங்கினார்கள். மறுநாள் மாலை வேலை விட்டதும் காந்தா தறியைப் பார்க்க ஓடினாள். ஒரு முழம் ஏறியிருந்தது. பூவின் நல்ல பக்கம் கீழே விழும் தறி என்பதால் குனிந்து பார்த்தாள். அரக்குக் கரையில் ஜரிகைக் கொக்குகள் வரிசையாய்க் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.

"என்னடா இது கதிரு?"

"நானும் பார்த்துக்கினுதான் இருந்தேங்கா. அட்டைகூடக் கொஞ்சம் அதிகமா இருக்குதேன்னு நெனச்சேன். புது மாடல் போலன்னு விட்டுட்டேன். நீ அனுப்பினா சரியாத்தானே இருக்கும்."

அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவிழ்த்துவிடலாம் என்று காந்தா சொன்னாள். அம்மா சம்பூர்ணம் அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். அந்த வீட்டில் கூறைக்கென்று தறியில் ஏற்றியதை அவிழ்ப்பதும் இல்லை, அறுப்பதும் இல்லை. "நல்லதுக்குன்னு தொடங்கினதுல கத்திரி வெக்கறதா? என் உசுரு இருக்கற வரைக்கும் நடக்காது" என்றாள். இனிமேல் வருவதையாவது சரி செய்து கொடு என்று கதிர்வேல் தறியை நிறுத்தினான்.

மறுநாள் காந்தா மூலையில் கிடந்த பழைய பெட்டியை மேசையில் ஏற்றி, புதியதன் பக்கத்திலேயே வைத்தாள். பிளாப்பியில் இருந்த பழைய டிசைனைப் பழையதில் திறந்தாள்: அன்னம். அதே பிளாப்பியைப் புதியதில் போட்டாள்: வாத்து. இரண்டிலும் நூற்றுக்கு நூறு புள்ளியில் ஒரு கட்டம் போட்டு இஞ்சு டேப் வைத்து அளந்தாள். சன்னலுக்குள் கட்டம் சதுரமாக இருந்தது. பழைய திரையில் அதே கட்டம் அகலத்தைவிட உயரமாக நின்றது. படம் நசுங்கவே இல்லை. புள்ளியின் வடிவம்தான் வேறு. தறியில் விழும் புள்ளியும் பழைய திரையைப் போலவே உயரமானது, அதனால்தான் அவள் சேர்த்த வரிசைகள் அங்கே அன்னத்தைக் கொக்காக்கிவிட்டன. ஆறு வருஷமாக உயரமான புள்ளிகளில் வரைந்து, தறியில் விழுந்ததைப் பார்த்துப் பழகிய கண், சதுரப் புள்ளியைக் கண்டதும் ஏமாந்துவிட்டது.

பரசுராமனுக்குப் போன் போட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே பேசினான். "அதுவா மா? ஆல்ட்ட அமுக்கிக்கினு என்டர் தட்டு. முழுத் திரைக்கு வந்துடும். சொல்ல மறந்துட்டேன் போல."

தட்டினாள். சன்னல் மறைந்து, திரை கறுத்து, அன்னம் தன் பழைய கழுத்தோடு வந்து நின்றது. இரண்டு விசை. காந்தாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பரசுராமன்மேல் பாதி, தன்மேல் பாதி.

பழைய டிசைனுக்கே புது அட்டை அடித்து வந்தது. மீதிப் புடவை முழுக்க அன்னங்கள் நீந்தின. அதைப் பார்த்துக் காந்தாவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. முகூர்த்தத்துக்குக் கடையில் வேறு புடவை எடுத்துவிடலாம் என்று தங்கையிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். காவேரி காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

தை பிறந்தது. கம்ப்யூட்டர் எதுவும் நிற்கவில்லை. அந்தப் பழைய பெட்டிகூட ஓடிக்கொண்டுதான் இருந்தது. கல்யாணத்தன்று காலையில் காவேரிக்குக் கூறை கட்டிவிடக் காந்தாவைத்தான் அழைத்தார்கள். அறையில் அக்காவும் தங்கையும் மட்டும். காந்தா புடவையைப் பிரித்து, கொக்குகள் இருக்கும் முனையை மடித்து மறைக்கப் பார்த்தாள்.

காவேரி அந்த முனையை அவள் கையிலிருந்து வாங்கி, தானே இடுப்பில் இறுகச் சொருகிக்கொண்டாள்.

"இது உள்சுத்துல போயிடும்கா. யாரும் பார்க்கப் போறதில்ல."

"எனக்குத் தெரியுதேம்மா."

"எனக்குந்தான் தெரியும். முழுப் புடவையும் இந்தச் சொருகல்லதான் நிக்கப்போவுது. உன் கொக்கு விட்டுச்சுன்னா உன் அன்னம் மொத்தமும் சபையில அவுந்து விழும்."

காந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, தங்கையைச் சுற்றி வந்து அடுத்த சுற்றை இழுத்துக் கட்டினாள்.