தேய்த்து மடித்த சட்டை

உகாண்டாவின் தடயவியல் கூடமொன்றில் சாட்சிப் பொருள்களை வாங்கிப் பதிவுசெய்வதுதான் இருபது வருடமாகக் கயோண்டோவின் வேலை.

அன்று, குத்திக் கொல்லப்பட்டவனின் சட்டையை அவன் தாய் நக்காயிஸாவே கொண்டுவந்தாள். காவல் நிலைய ஜீப்புக்கு டீசல் இல்லையாம். மண்டியிட்டு வணங்கிவிட்டுச் சட்டையை நீட்டினாள். பளிச்சென்று இருந்தது.

"துவைச்சீங்களாம்மா?"

"ரெண்டு தடவை, ஐயா. கவர்மெண்டு ஆபீஸுக்கு அழுக்கா கொண்டுவரலாமா? கொடியில காயுற துணியில ஈ முட்டை வச்சிருக்கும், சூட்டுல சாகட்டும்னு தேய்ச்சும் வச்சேன்."

கயோண்டோவுக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த மாதத்தில் இது நான்காவது. 'துவைக்காதீர்கள்' என்று துண்டுச்சீட்டு அச்சடிக்கக் கேட்ட அவருடைய கடிதம், ஒன்பது வருடமாக மேலிடத்தின் பரிசீலனையில் இருக்கிறது.

'கறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"சரியா இருக்கா, ஐயா?"

"நல்லா துவைச்சிருக்கீங்கம்மா."