கோதுமை இல்லாமல் கை நனைக்க ஆயர் தாவாருக்கு

தைப்பூசம் முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, என் தம்பி கதிரின் நிச்சயதார்த்தத்துக்காக மலேசியாவின் ஈப்போவிலிருந்து ஆயர் தாவாருக்குப் போய் வந்தேன். ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் தூரம். இதற்கெல்லாமா ஒரு பயணக் கட்டுரை என்று கேட்காதீர்கள். எனக்கு சீலியாக் நோய் இருக்கிறது. வெளியே சாப்பிட்டாக வேண்டிய எந்தப் பயணமும் எனக்கு இப்போது பரீட்சைதான், எழுபது கிலோமீட்டர் ஆனாலும் சரி, எழுநூறு ஆனாலும் சரி.

புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பு என் குடலையே தாக்கும். இது ஒவ்வாமை இல்லை, உடம்பு இளைக்க எடுத்த டயட் இல்லை, முருகனுக்கு நேர்ந்துகொண்ட விரதமும் இல்லை. பல வருஷம் இரத்தச் சோகை என்று இரும்புச்சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த பிறகு, போன வருஷம்தான் கண்டுபிடித்தார்கள். மருந்து கிடையாது. சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து. ஒரு சிட்டிகை தவறிப் போனாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி, வயிற்றைப் பிடுங்கும் வலி, அதன் பிறகு நாலைந்து நாள் படுக்கை.

"நம்ம சாப்பாடு சோறுதானே, உனக்கென்ன கஷ்டம்?" என்று கேட்பவர்களை ஒரு வாரம் என்னோடு ஈப்போவில் சாப்பிட வைக்க வேண்டும். குவே தியாவ் நூடுல்ஸ் அரிசியில் செய்ததுதான், ஆனால் அதில் ஊற்றும் கிச்சாப் என்கிற சோயா சாஸில் கோதுமை உண்டு. தோசை அரிசிதான், ஆனால் அதே கல்லில்தான் மைதாவில் செய்த ரொட்டி சானாயும் வேகிறது. பிறந்து வளர்ந்த ஊரிலேயே விருந்தாளி மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டியிருக்கிறது.

இந்தப் பயணத்தில் வேறொரு சிக்கலும் இருந்தது. சம்பந்தம் பேசும்போது, பிடிக்காத இடத்தில் கை நனைக்க மாட்டோம் என்பது நம் ஜனங்களின் வழக்கம். பெண் வீட்டில் சாப்பிட்டால் சம்மதம், சாப்பிடாமல் எழுந்தால் சம்மதமில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு முன் தைப்பிங்கில் கதிருக்குப் பெண் பார்க்கப் போனபோது கேசரியும் வடையும் வைத்தார்கள். ரவை கோதுமை, வடை பொரித்த எண்ணெய் எதெதைப் பார்த்ததோ தெரியாது. நான் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தேன். ஒரு வாரத்தில் போன் வந்தது. "மாப்ளயோட அக்காவுக்கு எங்க வீடு புடிக்கலன்னு தெரிஞ்சு போச்சு. இஷ்டமில்லாத எடத்துல எதுக்கு?" அத்தோடு முடிந்தது. கதிர் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. பெரியம்மா கணவரை இழந்தவர் என்பதால் தட்டுப் பிடிக்க மாட்டேன் என்று ஒதுங்கிவிட்டார் (இந்த வழக்கத்தைப் பற்றி எனக்கு இருக்கும் கோபத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்). ஆகவே மாப்பிள்ளை வீட்டுத் தலைமை நான்தான். நான் இலையில் கை வைத்த பிறகுதான் பந்தியே சாப்பிடும். இந்த முறை பெண், யாமினி, கதிர் தானே தேடிக்கொண்டவள். இது கலைந்தால் அவன் என்னை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் முன்பே யாமினியின் அம்மாவுக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கோதும, ரவ, சேமியா, மைதா, கிச்சாப். இதெல்லாம் ஆவாது. அவ்ளோதானம்மா? மத்தவங்களுக்கு கேட்டரிங் வருது. உனக்கு நானே தனியா ஆக்கிர்றேன். நீ தைரியமா வா" என்றார். போனை வைத்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

ஞாயிறு காலை ஏழரைக்கு குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். கதிர் ஓட்ட, நான் பக்கத்தில், பெரியம்மா பின்னால் சீர்த் தட்டுகளோடு. உறவுக்காரர்கள் இரண்டு காரில் பின்தொடர்ந்தார்கள். பூசிங், ஸ்ரீ இஸ்கண்டார், போத்தா வழியாகப் போகும் பழைய லுமுட் சாலை இது, டோல் கிடையாது. நிற்காமல் போனால் ஒன்றே கால் மணி நேரம். போக வர பெட்ரோலுக்கு இருபத்தைந்து வெள்ளி (ரிங்கிட்) ஆனது.

ஸ்ரீ இஸ்கண்டாரில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், நிறுத்தினோம். கல்லுக்குப் பின்னால் நின்ற அண்ணனிடம், "அண்ணே, தோசைக்குத் தனிக் கல்லு இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒரே கல்லுதான் லா. நல்லா தொடச்சிட்டுத்தான் ஊத்துவேன்."

"ரொட்டி போட்ட கல்லுதானே?"

"ஆமா, பின்ன? ரொட்டிய என்ன தலையிலயா போடுவேன்?"

கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு பாலில்லாத டீ, ஒரு தே ஓ குடித்தேன், இரண்டு வெள்ளி. கொண்டு போன அவித்த மரவள்ளிக்கிழங்கைக் காரில் உட்கார்ந்து தின்றேன். கதிருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. போத்தாவில் பேராக் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது வாயைத் திறந்தான்.

"அக்கா, அங்கயும் இந்த மாதிரி கேள்வி கேக்காத. போடறத சாப்புடு. இன்னிக்கி ஒரு நாள்தானே? நாளைக்கி வேலைக்கு எம்.சி. லீவு எடுத்துக்க."

"எடுத்துக்கலாம். மூணு மணிக்கு அவங்க வாசல்ல வாந்தி எடுத்தா அத யாரு தொடைக்கிறது, நீயா?"

"எப்பப் பாரு இதே பேச்சு. எல்லாம் உன் மனசுதான்க்கா."

எனக்குச் சுருக்கென்றது. என் வயிற்றுக்குள் குழாய் விட்டுச் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் என்னை ஏற்றிக்கொண்டு வந்தவனே இவன்தான். பெரியம்மா பின்னாலிருந்து, "நல்ல காரியத்துக்குப் போறோம், ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றார்.

ஆயர் தாவார் டவுனைத் தாண்டி எஸ்டேட் சாலையில் நான்கு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். ஒரு காலத்தில் ரப்பர் மரம் நின்ற இடமெல்லாம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டத் தொழிலாளர் இருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டு, சாலையோரமாக வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எஸ்டேட் மாரியம்மன் கோயில் மட்டும் இடம் மாறவில்லை. அதற்கு எதிர் வீடுதான் யாமினி வீடு. செம்பனை லாரிகள் போகிற பாதை, குழி அதிகம், சின்னக் கார் என்றால் மெதுவாகப் போங்கள்.

பத்தரைக்குத் தட்டு மாற்றினோம். யாமினிக்குச் சேலை கொடுத்தேன், மோதிரம் போட்டார்கள், எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. என் கண் மட்டும் கூடாரத்தில் இலை போடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

பந்தியில் முதல் இலை எனக்கு. கேட்டரிங்காரர்கள் என் இலைப் பக்கம் வராதபடி யாமினியின் அம்மா வழி மறித்து நின்றார். சமையலறையிலிருந்து அவரே பாத்திரங்களைக் கொண்டு வந்தார். "புதுப் பான, புதுக் கரண்டி. அரிசி மாவுகூட கடையில வாங்கல, வீட்டுலயே அரச்சேன்" என்று காதருகே சொன்னார். சோற்றைப் போட்டு, சாம்பாரை ஊற்றினார். ஒரு வருஷத்தில் யாரும் எனக்காக இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

அப்போதுதான் வாசம் வந்தது. பெருங்காயம்.

கட்டிப் பெருங்காயத்தை அப்படியே யாரும் அரைத்து விற்பதில்லை. காரம் குறையவும், தூள் கட்டி தட்டாமல் இருக்கவும் மாவு சேர்ப்பார்கள். பெரும்பாலும் கோதுமை மாவு. போனில் மாவுகளை எல்லாம் சொன்ன நான், பெருங்காய டப்பாவுக்குள் இருக்கும் மாவைச் சொல்லவில்லை. வரிசையில் எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதிர் எதிர் வரிசையில் உட்கார்ந்து, சாப்பிடு என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

டப்பாவை அங்கேயே கொண்டுவரச் சொன்னால் எல்லோர் முன்னாலும் அவருக்குத் தலைகுனிவு. தனியாகக் கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். நல்லது செய்வதாக நினைத்து, செய்யக்கூடாத ஒன்றையே செய்துவிட்டேன். மாப்பிள்ளையின் அக்கா இலையை விட்டு எழுந்துவிட்டாள்! பெரியம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "என்னாச்சு? என்னவாம்?" என்று பின்னால் குரல்கள் கிளம்பின. நான் நேரே சமையலறைக்குள் போனேன். யாமினியின் அம்மா பதறிக்கொண்டு பின்னால் வந்தார்.

"ஆன்ட்டி, பெருங்காயம் எது போட்டீங்க?"

"வழக்கமா போடறதுதான்மா. பெருங்காயத்துல என்ன இருக்கு? வயித்துக்கு நல்லதுதானே?"

மஞ்சள் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில் மலாயில் 'தெபோங் கண்டும்' (கண்டும் என்றால் கோதுமை) என்று இருந்தது. கோதுமை மாவு. நான் விரலை வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார், திரும்பவும் படித்தார்.

"அட கடவுளே... இருவது வருசமா இதத்தானே வாங்குறேன். ஒரு நாளும் திருப்பிப் பாத்ததில்லயே! எதுலெல்லாம் போட்டேன்? சாம்பாரு, ரசம், பொரியல்..." என்று அப்படியே அடுப்படியில் சாய்ந்துவிட்டார். விடியற்காலையில் எழுந்து ஆக்கியது மொத்தமும் அங்கே ஆவி பறக்க நின்றது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம், சாப்பிட்டுத் தொலைத்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. வெளியே ஒரு ஆண் குரல், "மாப்ள வீட்டுக்காரங்களுக்கு என்ன கொற வச்சிட்டோம்?" என்று சூடாகக் கேட்டது. கதிர் சமையலறை வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். 'ஒரு நாள்தானே' என்று சொல்லப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

யாமினியின் அம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "பானையில சோறு அப்படியே இருக்கு. சாம்பார் கரண்டி அதுல படல. தயிர் நான் ஒற ஊத்துனது, பாலத் தவிர ஒண்ணுமில்ல. அது ஆவுமா?"

"ஆவும் ஆன்ட்டி."

அவ்வளவுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். புது இலை ஒன்றை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் கூடாரத்துக்குள் நடந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஒண்ணுமில்ல லா, எல்லாரும் உக்காருங்க! தப்பு என் சாம்பார்ல. அவங்க ஒடம்புக்கு ஆவாதத நான் போட்டுட்டேன். சம்பந்தி வீட்டுப் பொண்ணு இன்னிக்கி தயிர்சோத்துல கை நனைக்கிறாங்க."

பிறகு அதே சூடான குரல், யாமினியின் மாமாவாம், "அப்ப நமக்கு செலவு மிச்சம் லா!" என்றது. பந்தி சிரித்தது. நான் தயிரை ஊற்றிப் பிசைந்து முதல் வாயை வைத்தேன். யாமினியின் அம்மா தன் இடுப்பில் கை வைத்தபடி, நான் விழுங்கும்வரை அங்கேயே நின்றார். அதன் பிறகுதான் மற்ற இலைகளில் கை இறங்கியது.

திரும்பிய வழியைச் சொல்வதற்கு முன், என்னைப் போல வயிறு வாய்த்தவர்களுக்குச் சில வார்த்தை. போனில் "கோதுமை ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். தூள்களைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்: பெருங்காயம், கடையில் வாங்கும் மசாலா. டப்பாவின் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள், அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் தேடினால் கிடைக்கிறது. முடிந்தால் இலை போடுவதற்கு முன்பே சமையலறைக்குள் போய்விடுங்கள், என்னைப் போல இலையிலிருந்து எழுந்து ஊரைக் கூட்ட வேண்டாம். இந்தச் சாலையில் நம்பிச் சாப்பிட எனக்கு ஒரு கடையும் அகப்படவில்லை, அதனால் கிழங்கோ சோறோ கையோடு எடுத்துப் போங்கள். சங்கடப்பட்டுச் சாப்பிட்டு வைக்காதீர்கள். வலி வரும்போது நீங்கள் தனியாகத்தான் புரளப் போகிறீர்கள்.

ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். எனக்குப் பயம் போகவில்லை. வயிறு லேசாகக் கடமுட என்றாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். கதிர் ரேடியோவைப் போடவில்லை, குழி வந்தால் காரை மெதுவாக இறக்கி ஏற்றினான். பெரியம்மா பின்னால் தூங்கிவிட்டார். போத்தா தாண்டி ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, "இரு அக்கா, வாரேன்" என்று கடைக்குள் போனான்.

போனவன் வரவே இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அலமாரி முன்னால் நின்று ஒரு பொட்டலத்தை எடுத்தான், திருப்பினான், வைத்தான். இன்னொன்றை எடுத்தான், திருப்பினான், அதையும் வைத்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது, பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த மாதிரி.

வந்து என் மடியில் ஒரு கடலைப் பொட்டலத்தைப் போட்டான். "கடல, உப்பு, எண்ண. கண்டும் இல்லக்கா. ரெண்டு தடவ படிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் காரைக் கிளப்பினான்.

ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, பின்பக்கத்தைப் படிக்காமல் ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன்.