தவநாயகி கரவன் இழுத்த கதை

சிட்னியில் பஸ் ஓட்டும் தவநாயகி ஆசையோடு ஒரு பழைய கரவன், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுவண்டி, வாங்கினார். அதைக் குடும்பக் காரில் கொழுவியதும் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் உயர்ந்துவிட்டது.

"இதை இழுத்துக்கொண்டு மலை ஏறேலாது. வித்துப்போடுவம்," என்றார் கணவர் யசோதரன்.

"கொஞ்சம் பொறுங்கோ. நான் சரிப்படுத்துறன்."

சனிக்கிழமை முழுதும் தவநாயகி காருக்கடியில் கிடந்தார். பின் ஸ்பிரிங்குகளுக்குள் காற்றுப் பைகளைச் செருகினார். ஒன்று மட்டும் வழுக்கி வழுக்கி வெளியே வந்தது. காற்றை முழுக்க வெளியேற்றிச் சுருட்டித் தள்ளியபோதுதான் உள்ளே அடங்கியது. பிறகு கரவனைத் திரும்பக் கொழுவிப் பைகளுக்குக் காற்றடிக்க, கார் மெல்ல நிமிர்ந்து மட்டமாக நின்றது.

அடுத்த வாரம் புளூ மவுன்டன்ஸ் ஏற்றத்தில் கார் ஆட்டமின்றி ஏறியது. உச்சியில் இறங்கிய யசோதரன், "நீர் கெட்டிக்காரியப்பா!" என்றார்.

"ஓம், தெரியும்," என்று சிரித்த தவநாயகி, கரவனுக்குள் ஏறித் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார்.