விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பொய்

"கதை விடாதே ப்ரியம்வதா" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். இது நடந்தது. எனக்கே நடந்தது. போன டிசம்பரில், நியூஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் எங்கள் கடையில்.

என் கணவர் திருமூர்த்தி கோயம்புத்தூரிலிருந்து வெட் கிரைண்டர் வரவழைத்து விற்கிறவர். கடை இருப்பது பழைய கல் வீடு ஒன்றில். அமெரிக்கா இங்கிலாந்து ராஜாவின் கையில் இருந்த காலத்துக் கட்டடம். வாடகை மலிவு என்று பிடித்தார். வியாபாரம் படுத்துவிட்டது. ஊரில் இருக்கும் இடத்தை விற்றுக் கடனை அடைக்கிறேன் என்று போனவர், மாதக் கணக்கில் அங்கேயே மாட்டிக்கொண்டார். கடையும் கடன்காரர்களும் என் தலையில்.

அன்று சனிக்கிழமை. நாலரைக்கே இருட்டிவிட்டது. கடையில் சாமி படத்துக்கு விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். பக்கீர் முகம்மது அங்கிள் உள்ளே வந்தார். எங்களுக்குப் பணம் கொடுத்தவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷர்.

"திருமூர்த்தி எப்பம்மா வர்றாரு? போனே எடுக்க மாட்டேங்கறாரு."

என் நாக்கில் அன்று சனி உட்கார்ந்திருந்தது.

"அவருக்கு ஹார்ட் அட்டாக் அங்கிள். ஐசியூல இருக்கார்."

பச்சைப் பொய். அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில்! அந்த நேரத்தில் கெட்டது பேசினால் தேவதைகள் 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிடும் என்பார்கள். என் பெண் விளையாட்டுக்கு "செத்தேன்" என்றால்கூட வாயைப் பொத்துகிறவள் நான்.

பின்னறையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"ஆமென்."

அங்கிளும் திரும்பிப் பார்த்தார். "உள்ள யாரும்மா?"

"யாருமில்லையே அங்கிள்…"

அவர் கண் கலங்கியிருந்தது. "பணம் கெடக்குதும்மா. அவர் நல்லபடியா வரட்டும். நான் துஆ செய்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எனக்குச் சீ என்று ஆகிவிட்டது.

உடனே என் கணவருக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. கோவையில் இன்னும் விடியவில்லை, தூங்குவார் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னறைக் கதவைத் திறந்தேன். கிரைண்டர் பெட்டிகள்தான் இருந்தன. மெழுகுவத்தி அணைந்த வாசனை வந்தது. எங்கள் கடையில் மெழுகுவத்தியே கிடையாது.

கர்ர்… கர்ர்… கர்ர்…

மூலையில் பெட்டி பிரித்து வைத்திருந்த கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிளக் தரையில் கிடந்தது.

அதற்கு அந்தப் பக்கம் ஒருத்தி நின்றாள்.

தலையில் வெள்ளைத் துணித் தொப்பி. தரையைத் தொடும் பாவாடை. அவள் என்னைப் பார்க்கவில்லை. இல்லாத ஒரு வாசலைப் பார்த்து, யாரிடமோ ஆங்கிலத்தில் சொன்னாள்.

"என் கணவர் இறந்துவிட்டார், ஐயா."

"ஆமென்."

இந்தக் குரல் அவளுடையது இல்லை.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது…

திரும்பவில்லை.

கண்ணை மூடிக் கத்தினேன்.

"பொய்! பொய்! நான் சொன்னது பொய்! அவர் நல்லா இருக்கார்!"

கிரைண்டர் நின்றது.

கண்ணைத் திறந்தேன். அவள் இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேயைப் பார்த்தவள் போல.

அப்புறம் அங்கே யாருமில்லை.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பார்க்கிங்கில் அங்கிள் காருக்குள் கையேந்திப் பிரார்த்தித்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். "பொய் சொல்லிட்டேன் அங்கிள். அவருக்கு ஒண்ணுமில்ல. மன்னிச்சிருங்க."

ஏந்தியிருந்த கையை இறக்கினார். "தவணை கேட்டிருந்தா குடுத்திருப்பேனேம்மா" என்றார். அதற்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம்.

அப்போது என் போன் அடித்தது. கொழுந்தன் மதன்.

"அண்ணி… அண்ணனுக்குத் தூக்கத்துலயே மூச்சு நின்னுருச்சு… இப்பத்தான் கண்ணு முழிச்சாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்…"

ஹார்ட் அட்டாக்தான். ஐசியூதான். நல்லவேளை, பிழைத்துவிட்டார்.

கடையைக் காலி செய்யும் நாளில், பக்கத்துக் கடை கரோலினிடம் இந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டேன். நான் பார்த்ததைச் சொல்லவே இல்லை. அவளுடைய முன்னோர்கள் வாழ்ந்த வீடாம். அந்த ராஜா காலத்தில் ஒரு கணவன் கப்பலில் வியாபாரத்துக்குப் போய்விட, அவன் கடையையும் கடனையும் மனைவிதான் பார்த்துக்கொண்டாளாம். ஒரு நாள் சாயங்காலம், கடன்காரனைத் திருப்பி அனுப்ப, கணவன் இறந்துவிட்டதாகப் பொய் சொன்னாளாம். அதே சாயங்காலம் அவன் நடுக்கடலில் இறந்துபோனானாம்.

"அந்தப் பொய்யைச் சொன்ன உடனே பின்னறையில் ஒரு பெண் வந்து நின்றாளாம். மாநிறம், நெற்றியில் சிவப்புப் பொட்டு. ஏதோ கத்தினாளாம், ஒரு வார்த்தைதான் காதில் நின்றதாம். அதற்கு அர்த்தம் தெரியாமல், அந்த மனைவி சாகும்வரை எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். எங்கள் குடும்பத்தில் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்வோம்" என்றாள் கரோலின்.

பிறகு சொல்லிக் காட்டினாள்.

"பொய்… பொய்…"

உனக்கு அர்த்தம் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

சொன்னது பொய் என்று கத்தினேன், என் கணவர் திரும்பி வந்துவிட்டார். அவள் கணவன் வரவில்லை.

அன்று நான் ஆங்கிலத்தில் கத்தியிருக்கலாம்…