சித்திரையில் நிரம்பி வழிந்த கிணறு

1. பைக்கில் வந்த சந்தேகம்

முப்பது வருஷம் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்போது அறிவியல் கணக்குகளுக்கான ஓர் இலவச புரோகிராமிங் லைப்ரரிக்கு, அதாவது எவரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தப் புரோகிராம் தொகுப்புக்கு, தமிழில் பாடப்பக்கங்கள் எழுதுகிறேன். சம்பளம் கிடையாது, கர்வம் மட்டும் ஏராளம். அதன் இணைய ஃபோரத்தில் யாராவது சந்தேகம் கேட்டால், "பக்கத்தை முழுசாப் படிங்க" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

அப்படிப் பதில் வாங்கிய ஒருவர், ஒரு சனிக்கிழமை காலை விலாசம் விசாரித்துக்கொண்டு அணுபுரத்தில் என் வீட்டுக்கே பைக்கில் வந்துவிட்டார். பெயர் குமரேசன். படாளத்துக்காரர், கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். ஊர்க் கிணறுகளில் தரையிலிருந்து எத்தனை அடி ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது என்று இரண்டு வருஷமாக டேப் இறக்கி அளந்து, பிஎச்.டி. செய்கிறார்.

"இன்னா சார், முழுசாப் படின்னு போட்டுட்டீங்க? மூணு வாட்டி படிச்சேன். கிராஃபப் பாத்துட்டு எங்க கைடு, 'சித்திர வெயில்ல கிணறு ரொம்பி வழியுதா? வூட்ல உக்காந்து எழுதினியா?'ன்றாரு. திங்கக்கிழம கமிட்டி. அங்கயும் இப்டியே போனா பொய் டேட்டான்னு ரெஜிஸ்ட்ரேஷன கேன்சல் பண்ணிடுவாங்க சார்."

2. மூன்றாவது வரி

அவர் லேப்டாப்பைப் பார்த்தேன். மோட்டார் ஓடும் நாளில் மட்டம் சரியாகத் தெரியாது என்று அளக்காமல், அந்தக் கட்டங்களை நேர்மையாகக் காலியாக விட்டிருந்தார். புரோகிராமின் மூன்றாவது வரி அந்தக் காலியிடம் எல்லாவற்றிலும் பூஜ்யத்தை நிரப்பியிருந்தது. ஆழம் பூஜ்யம் என்றால் தண்ணீர் தரைக்கே வந்துவிட்டது என்று அர்த்தம்!

"இந்த வரிய யாருங்க போடச் சொன்னது?" என்று சத்தம் போட்டேன்.

"நீங்கதான் சார். உங்க உதாரணத்துல கீது."

திறந்து பார்த்தேன். என் வரியேதான். படத்தில் கோடு அறுபடாமல் அழகாக வரவேண்டும் என்று நானே போட்டது. 'எல்லா டேட்டாவுக்கும் இது பொருந்தாது' என்ற எச்சரிக்கை பக்கத்தின் கடைசியில் கிடந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

"எழுதினவருக்கே ஞாபகம் இல்ல, படிக்கிறவங்க மேல பாயறாரு" என்றாள் என் மனைவி, உள்ளேயிருந்து.

3. வாய் மூடிய மதியம்

அந்த வரியை எடுத்ததும் காலியிடம் காலியாகவே நின்றது. கிணறுகளும் கோடையில் ஒழுங்காக வற்றின. பிறகு குமரேசனை உட்காரவைத்து, என் பக்கங்களை ஒவ்வொன்றாகச் செய்துபார்க்கச் சொன்னேன். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம். அது எனக்குப் பெரிய தண்டனை. அவர் திணறிய இடத்தையெல்லாம் குறித்தேன், பதினோரு இடம்! எச்சரிக்கையை உதாரணத்துக்கு மேலே ஏற்றினேன். அவர் சம்மதத்தோடு கிணற்றுக் கணக்கையே புது உதாரணமாக வைத்தேன்.

திங்கட்கிழமை மதியம் போன் வந்தது.

"சார், ஓகே ஆயிடுச்சு! கோடு நடுநடுவுல அறுந்து கீதேன்னு கேட்டாங்க. மோட்டார் ஓடிகினு இருந்துச்சு, அளக்கலன்னேன். கைடே எழுந்து வந்து கை குடுத்தாரு சார்!"

போனை வைத்ததும், ஃபோரத்தில் அவருக்குப் போட்ட அந்த ஒற்றை வரிப் பதிலை அழித்தேன்.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். படிக்கிறவர் உங்கள் விளக்கத்தை மறந்துவிடுவார், உதாரணத்தைத்தான் எடுத்துக்கொண்டு போவார். அதை நம்பி அவர் நாளைக்கு ஒரு கமிட்டி முன்னால் நிற்பார் என்று நினைத்து எழுதுங்கள்.