பொட்டு மறைத்த பதினைந்து

எங்கள் வட்டார எடைதூக்கும் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். கம்பியில் தட்டு மாட்டுகிற ஆள், ஒவ்வொரு தட்டுக்கும் அதன் எடையைச் சத்தமாகச் சொல்லி மாட்டுவது வேறெங்கும் அவர்கள் பார்க்காத வழக்கம். "என்னண்ணே, ஏலம் போடுறீகளா?" என்று போன வருடம்கூட ஒருவர் கேட்டார். அந்த ஆள் நான்தான். ஏன் கத்துகிறேன் என்று ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

போட்டி பிறந்ததே ஒரு வம்பில். ஆனையூரில் எங்கள் உடற்பயிற்சிக்கூடம், வாடிப்பட்டியில் இன்னொன்று. ஓர் ஆயுதபூஜைக்கு இரும்புகளைக் கும்பிட்டுவிட்டுச் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது, விருந்தாளியாக வந்த வாடிப்பட்டிக்காரர் வாயைத் திறந்தார். "ஒங்க ஆளுக இரும்பக் கும்பிடத்தான் லாயக்கு, தூக்க இல்ல." மறுநாளே இரண்டு கூடத்து ஆட்களும் எடை தூக்கி மோதிப் பார்த்துவிட்டார்கள். பரிசு ஒரு பித்தளைக் குடம். பிறகு உசிலம்பட்டி, மேலூர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். பெண்கள் பிரிவு வந்தது. கொடி பிடிக்கும் நடுவர்கள் வந்தார்கள். நாள் மட்டும் மாறவில்லை. இன்றும் ஆயுதபூஜைக்கு மறுநாள்தான்.

பூஜையில் ஒவ்வொரு தட்டுக்கும் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைப்போம். அந்தப் பொட்டை யாரும் துடைக்க மாட்டோம், தானாக உதிரவேண்டும். எங்கள் தட்டுகள் உள்ளூர்ப் பட்டறையில் வார்த்தவை, எல்லாம் கறுப்பு. பதினைந்து கிலோவும் இருபது கிலோவும் ஒரே வட்டம். பருமனில் கொஞ்சம்தான் வித்தியாசம். எண் பொறித்த மேடுதான் அடையாளம். பொட்டு வைக்கத் தோதான இடமும் அதுதான். எண் தெரியாமல் எப்படி மாட்டுவாய் என்று யாராவது கேட்டால், "இம்புட்டு வருசமா தூக்குறேன், கைக்குத் தெரியாதா" என்பேன்.

நான் கத்தத் தொடங்கிய வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. தரை உடையக்கூடாதென்று பலகை பரப்பி, அடியில் பழைய டயர்கள் போட்டிருந்தோம். எழுமலையிலிருந்து ஒரு தங்கச்சி வந்திருந்தாள். குழந்தை பெற்ற பிறகு அவள் மேடையேறுவது அதுதான் முதல்முறை. முன்வரிசையில் அவள் கணவர், மடியில் குழந்தை. முதல் இரண்டு வாய்ப்பிலும் தவறவிட்டாள். மூன்றாவதும் போனால் வெறுங்கையோடு பஸ் ஏறவேண்டியதுதான்.

இடப்பக்கம் என் கூட்டாளி மாட்டினார், வலப்பக்கம் நான். காலையிலிருந்து தூக்கித் தூக்கிக் கை மரத்துப்போயிருந்தது. மாட்டி, கழலாமல் முடுக்கிவிட்டு ஓரமாக வந்து உட்கார்ந்தேன். அவள் கம்பியைத் தோளுக்கு எடுத்துவிட்டாள். அப்போதுதான் என் காலடியில் கிடந்த தட்டைப் பார்த்தேன். சந்தனம் பாதி உதிர்ந்து எண் தெரிந்தது. பதினைந்து. எங்களிடம் பதினைந்து இரண்டே இரண்டுதான். இரண்டும் அந்நேரம் கம்பியில் இருக்கவேண்டும்.

அப்படியானால் என் பக்கம் தொங்குவது இருபது.

கத்தலாம் என்றால், சத்தம் கேட்டு அவள் திரும்பினால் அம்புட்டுப் பாரமும் கழுத்தில் இறங்கும். கத்தாவிட்டால் தலைக்கு மேல் போய்ச் சரியும். நான் கத்தவில்லை. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் முழங்காலை மடித்து உந்தினாள். கம்பி மேலே போனது. வலது முனை மெல்லச் சாய்ந்தது. அவள் கால் ஒன்று தடுமாறியது, முழங்கை மடங்கியது.

அவள் கம்பியை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் விழுந்தாள். பலகை அதிர்ந்தது. குழந்தை வீறிட்டது. நடுவர்கள் மூன்று பேரும் சிவப்புக் கொடியைத் தூக்கினார்கள்.

அவள் எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தட்டைக் கழற்றி அடுக்கிவிட்டால் அதோடு போச்சு. அந்த நினைப்பு வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவள் என்னைப் பார்த்து, தன்மேலேயே குறைபட்டுக்கொள்கிற குரலில் சொன்னாள்: "ஒரு பக்கமா இழுத்துருச்சுண்ணே. எனக்குத்தான் பழக்கம் விட்டுப்போச்சு."

"இல்லத்தா," என்றேன். "நான் மாத்தி மாட்டிட்டேன்."

அவள் கணவர் குழந்தையோடு எழுந்து வந்து என் முன்னால் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். "கழுத்து ஒடிஞ்சிருந்தா இவன என்ன சொல்லி வளப்பேன்?" என்று மட்டும் கேட்டார். அடித்திருக்கலாம்.

தட்டு மாறினால் அந்தத் தூக்கு கணக்கில் வராது, இன்னொரு வாய்ப்பு உண்டு என்றார் தலைமை நடுவர். அவள் மணிக்கட்டைச் சுழற்றிப் பார்த்தாள். "பயமாத்தான்ணே இருக்கு," என்றாள். "ஒண்ணு செய்யுங்க. ஒவ்வொண்ணா எடையச் சொல்லிச் சொல்லி மாட்டுங்க. நான் காதால கேட்டுக்கிறேன்."

என் பக்கத் தட்டுகளைக் கழற்றி, பூஜையில் வைத்த பொட்டை நகத்தால் சுரண்டிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டினேன். இருபது என்றேன். பதினைந்து என்றேன். எதிர்ப்பக்கம் போய் அங்கேயும் தொட்டுச் சொன்னேன். பிறகு ஓரமாக வந்து, அவளைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவள் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முகம் இறுகியது. கண் மேலே போனது. அங்கேயே நின்றது. பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

அன்று அவளுக்கு மூன்றாமிடம். இப்போதெல்லாம் தட்டின் பின்பக்கம்தான் பொட்டு. அவள் இன்னும் வருகிறாள். நான் எடையைச் சொல்லி முடிக்கும்வரை அவள் கம்பியில் கை வைப்பதில்லை. ஏலமா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சிரித்துவிடுகிறேன். அவள் தோளுக்கு எடுத்ததும் குனிந்து என் காலடியைப் பார்க்கிறேன், தட்டு ஏதும் கிடக்கிறதா என்று.