மூங்கில் தூண்டிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை

2023 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. விடுமுறை நாள் என்றாலும் வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தேன். பாலைக் காய்ச்சி, டிகாஷன் இறங்கும்வரை பால்கனிக் கதவைத் திறந்து வைத்தேன். குவைத்தின் ஃபஹாஹீலில் ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்க இந்த மாதத்தில்தான் முடியும். குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டு மாட்டினேன். அதற்குப் பிறகே ஹாலில் செய்தித்தாளை விரித்துத் தூண்டில் கம்பை எடுத்து வைத்தேன்.

ஹாலில் வேறு சாமான் எதுவும் இல்லை. சோபாவை மாடிவீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போயிருந்தார். மனைவி ஞாயிறு இரவு கோயம்புத்தூர் கிளம்புகிறாள்; இனித் திரும்பி வரமாட்டாள். அவளுடைய அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து தனியாக இருக்க முடியவில்லை. மகளும் அங்கேதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். நான் மாதக் கடைசியில் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு ஷேரிங் ரூமுக்குப் போக வேண்டும். டிக்கெட் போட்ட அன்று அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்தக் கம்புல ஒரே ஒருக்கா மீன் புடிச்சுட்டுப் போயிர்றேனுங்க."

அறுகோணக் கம்பு அது. மூங்கிலை ஆறு சிம்புகளாகச் சீவி ஒன்றோடொன்று ஒட்டிச் செய்தது. மொத்தம் இரண்டு துண்டு. நடுவில் பித்தளைக் குழலில் செருகிக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி அவள் குவைத்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில், வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய டென்னிஸ் மட்டைகளுக்கு நடுவில் கிடந்தது. எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரர் யாரோ ஊருக்குப் போகும்போது விட்டுச் சென்றது என்றார் விற்றவர். அதைச் சுவரில் மாட்டத்தான் வாங்கினேன். அவள் சந்தையிலேயே ஒருமுறை அதை வீசிப் பார்த்தாள்.

"இதைப் போயி ஆணியில தொங்க விடுவீங்களாக்கும்?"

அதற்குமுன் அவள் கடலில் காலைக்கூட நனைத்ததில்லை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள், கரையோரக் கற்களில் நின்று ஹைதராபாத்காரர்கள் நடுவே தூண்டில் வீசப் பழகிவிட்டாள். வியாழன்தோறும் மாலையில் போவோம். எனக்குத் தூண்டில் கைவரவில்லை. ஒரு கையில் குழந்தை, மறு கையில் வாளி, அதுதான் என் வேலை. பக்கத்தில் நின்று மீன்பிடிக்கும் டிரைவர் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இந்தியில் ஒரே வாசகத்தைச் சொல்வார்: "சார், நீங்க வாளியைப் பிடிங்க. மீனை மேடம் பிடிச்சுக்குவாங்க." மஞ்சள் துடுப்புள்ள ஷேம் மீன் கடித்து, அந்த மெல்லிய கம்பு வளைந்து துடிக்கும்போது அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கம்பைக் கெடுத்தது வளைகுடா வெயில். ஒரு ஜூலையில் லீவில் ஊருக்குப் போனபோது, அவள் மேலே கொண்டுவந்துவிட்டாள் என்று நானும் நான் கொண்டுவந்துவிட்டேன் என்று அவளும் இருந்துவிட்டோம். கம்பு வெட்டவெளியில் நின்ற காரின் பின்சீட்டில் கிடந்தது. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பழங்காலப் பசை அது. அந்தச் சூட்டில் இளகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் நுனித்துண்டின் சிம்புகள் துடைப்பம்போல் விரிந்து நின்றன. அதன்பிறகு அது அலமாரியின் தலையிலேயே கிடந்தது.

போன வாரம் பழைய பசையைச் சுரண்டி, தண்ணீரில் கரையாத மரப் பசை தடவி ஒட்டினேன். அது தனி ஆள் வேலை இல்லை. ஒருவர் கம்பைச் சுழற்ற, மற்றவர் முறுக்கு விடாமல் நூலைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். அவள் சுழற்றினாள். கை வலிக்கிறது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பசை இறுகியதும் நூலைப் பிரித்துப் பார்த்தபோது துண்டு நேராக இருந்தது.

இன்றைய வேலை, தூண்டிலின் தங்கூசி நரம்பு ஓடும் வளையங்களைக் கம்பில் வைத்துக் கட்டுவது. அட்டைப்பெட்டி விளிம்பில் இரண்டு வெட்டுகள் வெட்டிக் கம்பை அதில் கிடத்தினேன். பச்சைப் பட்டு நூல்கண்டை டம்ளரில் போட்டு, நூல் விறைப்பாக வருவதற்காக அதை ஆபீஸ் பாதுகாப்புக் கையேட்டின் பக்கங்களுக்கிடையே விட்டு இழுத்தேன். அந்தத் தடித்த புத்தகம் எனக்கு இத்தனை உதவியாக இருந்தது இதுவே முதல் முறை. முடிச்சே போடக்கூடாது. சுற்றின் கடைசியில் ஒரு கண்ணியை வைத்துச் சுற்றி, நூல்முனையை அதில் நுழைத்து, சுற்றுகளுக்கு அடியில் இழுத்துவிட வேண்டும்.

நுனியில் இரண்டு வளையங்கள் பாக்கியிருக்கும்போது பச்சை நூல் தீர்ந்துவிட்டது. அவசரமாகச் சட்டையை மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க? ஜும்மா நேரம். கடை அத்தனையும் பூட்டியிருக்கும்."

"சாயங்காலம் வாங்கிக் கட்டறேன்."

"சாயங்காலம் அந்த நூல் கெடைக்காதும்பீங்க. அப்பறம் ஒரே பச்சையா வேணும்பீங்க." கட்டி வைத்த பெட்டியை மறுபடி திறந்து, சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் நூல் டப்பாவை எடுத்தாள். "இந்த மாம்பழக் கலர்ல கட்டுங்க. மீனுக்கு மேட்சிங் தெரியாது."

கட்டினேன். கண்ணை உறுத்தத்தான் செய்தது.

பிற்பகலில் வார்னிஷ் டப்பாவை எடுத்தபோதுதான் பேச்சு வந்தது. மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய இரண்டு நாளாவது வேண்டும். அதைச் சொன்னதும் அவள் சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"ஏனுங்க, இதென்ன கல்யாணப் பொண்ணா, சோடிச்சுட்டே இருக்கறதுக்கு? நான் போறது ஞாயித்துக்கிழமை. உங்க வார்னிஷ் காயறது அடுத்த வெள்ளிக்கிழமை."

"வார்னிஷ் இல்லாம உப்புத் தண்ணி பட்டா நூல் இத்துப் போகும். மூங்கில் ஊறிப் பசை விடும். இருபது வருஷம் இருக்க வேண்டிய பொருள். நல்லாக் காய வெச்சு, லீவுல வரும்போது கொண்டுவர்றேன்."

"கொண்டுவந்து? கோயமுத்தூர்ல எங்க வீசறது, உக்கடம் பஸ் ஸ்டாண்டுலயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"நீங்க இதைப் பத்திரமா வெச்சுக்கத்தான் பாக்கறீங்க. நான் மீன் புடிக்கத்தான் கேட்டனுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வார்னிஷ் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் போகப்போகும் அறையில் எனக்கு உள்ளது ஒரு கட்டிலும் அரை அலமாரியும். அந்தக் கம்பை அங்கே எங்கே வைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. எடுத்து வீசவும் எனக்குத் தெரியாது. இருபது வருடம் கெடாமல் இருந்து அது யாருக்கு ஆகப்போகிறது?

டப்பாவை மூடினேன். பூஜை அலமாரியிலிருந்து மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்து, கட்டுகளின் மேலும் ஒட்டின இடங்களின் மேலும் அழுத்தித் தேய்த்து, துணியால் துடைத்தேன். ஒரு காலைநேரம் தாங்கும். இரண்டு துண்டுகளையும் குழலில் செருகி நிமிர்த்தியபோது நுனி விட்டத்தில் இடித்தது.

"தூண்டில் ரீலை எங்க வெச்ச?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

"என்னோட ஹேண்ட்பேக்ல," என்று பதில் வந்தது. "நேத்தே எண்ணெய் போட்டு வெச்சுட்டேன்."

மறுநாள் காலை, முதல் வேலையாக, மீன் மார்க்கெட்டுக்குப் போய் இரைக்குப் பொடி இறால் வாங்கினேன்.